தண்ணீர் நகராத இடம்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், மாமா. பக்கவாதத்தில் வாய் கோணி, கை துவண்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் சி.டி. எடுப்பார்கள். "படத்தில் ஒன்றுமில்லை" என்றதும் வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. அந்த நேரத்தில் சி.டி. முக்கியமாகச் சொல்வது, மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதை. ரத்தக்குழாய் அடைத்து ஓரிரு மணி நேரமே ஆகியிருந்தால், பல பேருக்கு அதில் மாற்றமே தெரியாது.

டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. பார்ப்பது வேறு. மூளையில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை, அலைந்துகொண்டே இருக்கும். ரத்தம் நின்ற சில நிமிடங்களில், செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் ஓய்ந்துவிடும். சோடியம் உள்ளே தங்கும், பின்னாலேயே தண்ணீரும் புகும், செல் வீங்கும். கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டடி முன்னால் இழுத்துக் கட்டினால் சந்து என்னாகும்? செல்களுக்கு நடுவில் அப்படித்தான் ஆகிறது. தண்ணீர் நகர வழியில்லை. அலையும் தண்ணீரின் சிக்னலை இந்தப் படம் மங்கவைக்கும், சிக்கிய தண்ணீர் வெள்ளையாக நிற்கும். 1990இல் கலிஃபோர்னியாவில் மோஸ்லி என்ற ஆய்வாளரின் குழுவினர் பூனைகளிடம் சோதித்தபோது, அடைத்த 45 நிமிடத்திலேயே இந்த வெள்ளை தெரிந்தது. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிய இரண்டு மூன்று மணி நேரம் ஆனது.

வெள்ளையெல்லாம் புது அடைப்பு என்று முடிவுகட்டக் கூடாது. பழைய தழும்பும் சில சமயம் வெள்ளையாகத் தெரியும். அதனால் தண்ணீர் எவ்வளவு நகர்கிறது என்பதை அளந்து காட்டும் ஏ.டி.சி. படத்தையும் கூடவே பார்ப்பார்கள். டிஃப்யூஷனில் வெள்ளை, அதே இடம் ஏ.டி.சி.யில் கறுப்பு என்றால்தான் புதிது.

தூங்கி எழும்போதே கை விழுந்தவருக்கு டிஃப்யூஷன் படம் பெரிய உதவி. எப்போது அடைத்தது என்று யாருக்கும் தெரியாதே! டிஃப்யூஷனில் வெள்ளை தெரிந்து, ஃப்ளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இன்னும் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் நடந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தபோது அதிகம் பேர் நன்றாகத் தேறினார்கள் என்று 2018இல் வெளியான வேக்-அப் ஆய்வு காட்டியது. ரத்தக்கசிவும் கொஞ்சம் கூடியது, அதை மறைப்பானேன்.

அடைப்பு வந்த நேரம் தெளிவாகத் தெரிந்து, அது நாலரை மணி நேரத்துக்குள் என்றால் எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்கத் தேவையில்லை, சி.டி.யை வைத்தே மருந்து போடலாம். இன்னொன்று: மூளைத்தண்டில் வரும் சின்ன அடைப்பு முதல் நாள் டிஃப்யூஷனிலும் சில சமயம் தப்பிவிடும். தலைசுற்றலோடு நடை தள்ளாடுகிறவரை, படம் சுத்தமாக இருந்தும் வார்டில் வைத்துக்கொள்ளும் டாக்டரிடம் பில்லுக்காகச் சண்டை போடாதீர்கள்.