தேடிச் செல்லும் ஆறுதல்

கொள்ளை நோய் ஓர் ஊருக்குள் புகுந்தால் உடலை மட்டும் வாட்டிவிட்டுப் போவதில்லை. பீதியும் தனிமையும், பிழைப்பு போன கவலையும், உற்றாரின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை காணவும் வழியில்லாத துக்கமும் மனத்தைத் தாக்குகின்றன. 2020-ம் வருஷத்தில் உலகெங்கும் பரவிய கோவிட் நோய் இவ்வுண்மையைச் சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபித்தது. அந்நோயின் முதல் வருஷத்தில் மனச் சோர்வும் மனக் கலக்கமும் உலகில் ஏறக்குறைய 25 சதவிகிதம் அதிகரித்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மார்ச்சில் கணக்குக் காட்டியது. உதவியின் தேவை இவ்வாறு பெருகிய சமயத்திலேயே உதவி சுருங்கிப் போயிற்று என்பதுதான் விபரீதம். அதே ஸ்தாபனம் 130 தேசங்களை விசாரித்து 2020 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், 93 சதவிகித தேசங்களில் முக்கியமான மனோவைத்திய சேவைகள் தடைப்பட்டன அல்லது நின்றே போயின என்று கண்டது.

நமது தேசத்தின் நிலையோ அதற்கு முன்பே கவலைக்கிடமாக இருந்தது. பெங்களூர் தேசிய மனநல ஸ்தாபனம் 2015-16-ல் நடத்திய பரிசீலனையின்படி, மனோவியாதியால் வருந்துவோரில் சிகிச்சை பெறாதோர், வியாதிக்கு ஏற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை இருந்தனர். ஆஸ்பத்திரி திறந்திருந்த காலத்திலேயே அதன் வாயிலை அணுகாத ஜனங்கள், ஊரடங்கில் எங்ஙனம் அணுகுவர்?

கேரளம் காட்டிய வழி

இக்கேள்விக்குச் செயலில் விடை அளித்தது நமது அண்டை மாகாணமாகிய கேரளம். இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி அங்கே திருச்சூரில் 2020 ஜனவரி 30-ந் தேதி கண்டுபிடிக்கப்பட்டார். சீனாவிலிருந்து திரும்பியோர் வீடுகளில் தனித்து வைக்கப்பட்டனர். அடுத்த மாதமே அம்மாகாணச் சர்க்கார் "ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு" என்னும் திட்டத்தைத் துவக்கியது. நீ தனியாக இல்லை, நாங்கள் உடன் இருக்கிறோம் என்பது அம்மலையாளச் சொற்களின் பொருள்.

இத்திட்டத்தின் சூட்சுமம் மிக எளிது. துன்புறுவோன் தானே வந்து உதவி கேட்கட்டும் என்று சர்க்கார் காத்திருக்கவில்லை. தனித்து வைக்கப்பட்டோரின் பெயர்ப் பட்டியலைச் சுகாதார இலாகாவிடமிருந்து பெற்று, மனநல ஊழியர்களே அவர்களை டெலிபோனில் அழைத்தார்கள். தூக்கம் வருகிறதா, வீட்டில் உணவு இருக்கிறதா, மருந்து தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். ஆறுதல் மொழியே போதுமானவர்களுக்கு அதை அளித்தார்கள். மருந்து வேண்டியவர்களை வைத்தியரிடம் ஒப்படைத்தார்கள். தனித்து வாழும் முதியோர், பள்ளி மூடப்பட்டு வீட்டில் அடைபட்ட சிறுவர்கள், வெளி மாகாணத் தொழிலாளர் முதலியோருக்கும் இவ்வுதவி நாளடைவில் விரிந்தது. நெடுநாளாகச் சிகிச்சையில் இருந்தோருக்கு மருந்து வீடு தேடிச் சென்றது. பேரிடர் வந்த மறுநாளே இவ்வேற்பாடு முளைத்துவிடவில்லை. 1996-ல் மத்திய சர்க்கார் துவக்கிய ஜில்லா மனநலத் திட்டம் கேரளத்தின் 14 ஜில்லாக்களிலும் வேரூன்றியிருந்தது. 2018-ல் நிபா நோயும் பெருவெள்ளமும் வந்தபோது அவ்வூழியர்கள் பழகியிருந்தார்கள். தாகம் எடுத்த பின் வெட்டிய கிணறு அன்று அது.

இருப்பினும் அங்கேயும் ஒரு குறை வெளிப்பட்டது. 2020 மார்ச்சு இறுதியில் மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டன. பல வருஷம் குடித்துப் பழகிய உடல் ஒரே நாளில் அதை இழந்தால் நடுக்கமும் சித்தப் பிரமையும் காணும். உயிருக்கே ஆபத்து நேரலாம். சிலர் தற்கொலை செய்துகொண்டனர். சர்க்கார் திகைத்து, வைத்தியரின் சீட்டுக் காட்டுவோருக்கு மதுவே வழங்கலாம் என்று மார்ச்சு 30-ல் உத்தரவிட்டது. வைத்தியர் சங்கத்தார் எதிர்த்தனர்; ஏப்ரல் 2-ல் கேரள ஹைகோர்ட்டு அதற்குத் தடை விதித்தது. மதுவிலக்கை விரும்பும் நாம் இதை மனத்திற்கொள்ள வேண்டும். கடையைப் பூட்டுவதற்கு முன் சிகிச்சைச் சாலையைத் திறந்து வைப்பதே விவேகம்.

டெலிபோனின் எல்லை

டெலிபோன் மூலம் வைத்தியம் செய்வதற்கான விதிகளை இந்திய சர்க்கார் 2020 மார்ச்சு 25-ல், ஊரடங்கு துவங்கிய அன்றே, வெளியிட்டது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் கம்பியில்லாக் கருவி எல்லாவற்றையும் செய்துவிடாது. ஊசி மருந்தை அது போடாது. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் அடைபட்டிருக்கையில், கணவனின் அடிக்கு அஞ்சும் பெண் அவன் காது கேட்க என்ன சொல்வாள்? வீடே இல்லாமல் தெருவில் திரியும் பித்தனை எந்த எண்ணில் அழைப்பது? இங்கெல்லாம் கால்நடையாகச் செல்லும் ஊழியனே வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது

நோய் தணிந்த பின் 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் டெலி மானஸ் என்னும் சேவையைத் துவக்கியது. தமிழ் நாட்டிலும் அதே மாதத்தில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் கேட்பவர்க்கு உதவுவது வேறு. கேளாதவரைத் தேடி உதவுவது வேறு. மனம் முற்றும் ஒடிந்தவன் எண்ணைத் தேடி அழைக்கும் திராணியையும் இழந்து கிடக்கிறான். அவனை நாம் அழைக்க வேண்டும். இது நமக்குத் தெரியாத வித்தையன்று. மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதிய மாணவர்களை 2021 செப்டம்பரில் தமிழ் நாட்டுச் சர்க்காரே டெலிபோனில் அழைத்துத் தைரியம் கூறவில்லையா? தற்கொலைக்கு முயன்று பிழைத்தோர், துணையை இழந்த முதியோர், சிகிச்சையைப் பாதியில் விட்டோர் ஆகியோரையும் அவ்வாறே முறை வைத்து அழைப்பது நிரந்தர ஏற்பாடாக வேண்டும்.

இவ்வேலையைச் செய்வோரின் வயிற்றையும் நினைக்க வேண்டும். வீடு வீடாகச் சென்ற ஆஷா ஊழியர்களைச் சர்க்கார் தொண்டர் என்று கணக்கிட்டு, சம்பளத்திற்குப் பதிலாக மதிப்பூதியமும் ஊக்கத் தொகையுமே அளித்து வருகிறது. பிறருக்கு ஆறுதல் கூறப் போன அப்பெண்கள், 2025 பிப்ரவரியில் துவங்கி மாதக் கணக்கில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் வாயிலில் ஊதியம் கேட்டுப் போராட நேர்ந்தது. ஆறுதலுக்கு முன்மாதிரி காட்டிய மாகாணத்திற்கு இது பெருமை தருவதன்று. மற்ற மாகாணங்களுக்கும் இது எச்சரிக்கை.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. வோட்டுக் கேட்கையில் நம் தொண்டர்கள் ஒவ்வொரு வீதியிலும் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டுகிறார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். மூடிய கதவுக்குப் பின்னால் வாடுவோர் யார் என்பதையும் அவர்கள் அறிந்து, ஜில்லா மனநல ஊழியருக்கு மரியாதையுடனும் ரகசியம் காத்தும் தெரிவிப்பார்களானால், அடுத்த கொள்ளை நோய் வரும்போது நமக்குப் புதிதாகப் படை திரட்டும் அவசியம் இராது. சுயராஜ்யம் என்பது கொடி ஏற்றுவதோடு முடிவதில்லை. ஓர் ஏழை தன் துயரத்தில் தனித்து விடப்படாமல் இருப்பதும் சுயராஜ்யமேயாகும்.