நாட்காட்டியில் ஒரு நாள்: ஜூன் 24



'நாள் செய்வது நல்லார் செய்யார்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. நம் தோட்டத்திலும் புதுமனை புகுவது முதல் பிள்ளைக்குக் காது குத்துவது வரை, பஞ்சாங்கத்தைப் பார்த்த பின்னரே பெரியோர் நாள் குறிக்கின்றனர். அவ்வழக்கத்தைப் பழிக்க நாம் முற்படவில்லை. ஆயினும், ஒரு நாளுக்குரிய சிறப்பு அந்நாளிலேயே அமைந்துள்ளதா, அன்றி மனிதரின் உழைப்பால் வந்து சேர்கின்றதா என்று ஆராய்தல் நலம். அதற்கு இசையுலகிலிருந்து ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அந்நாள் ஜூன் 24.

இருவர் பிறந்த நாள்

1927ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், காரைக்குடிக்கு அருகில் உள்ள சிறுகூடல்பட்டியில் முத்தையா என்னும் குழந்தை பிறந்தது. பின்னாளில் கவியரசர் கண்ணதாசன் என்று உலகம் போற்றியது அவரையே. சரியாக ஓராண்டு கழித்து, 1928ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன். பாட்டெழுதியவரும் பண்ணமைத்தவரும் ஒரே தேதியில் பிறந்தது வியப்பிற்குரியதே!

ஆனால், கணக்குப் பாடத்தைச் சற்று நினைவு கூருங்கள். முன்னவர் பிறந்தது வெள்ளிக்கிழமை. பின்னவர் பிறந்தது ஞாயிற்றுக்கிழமை. 1928 நெட்டாண்டு ஆதலால் இடையில் 366 நாள்கள், அதாவது 52 வாரங்களும் 2 நாள்களும் கடந்தன. தேதி ஒன்றாயினும் கிழமை ஒன்றன்று.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், பால்மரம் சீவித் திரும்பிய பெற்றோர் களைப்பாறும் மாலை வேளையில், லயத்தில் ஒரு வீட்டு வானொலி பாடினால் பத்து வீடுகள் கேட்கும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரை அறிவிப்பாளர் கூறுவார். அவ்வாறே இவ்விருவர் பெயரும் நம் செவியில் இணைந்து பதிந்தன. பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் ஆகிய மூன்று படங்களும் 1961ஆம் ஆண்டில் வெளிவந்தவை. மூன்றிற்கும் கண்ணதாசன் பாட்டெழுதினார். விசுவநாதன், வயலின் கலைஞர் டி.கே. இராமமூர்த்தியுடன் இணைந்து இசையமைத்தார்.

பாட்டு பிறக்கும் விதம்

திரைப்பாடல் இரு வழிகளில் உருவாகும். கவிஞர் முதலில் எழுத, இசையமைப்பாளர் அதற்கு மெட்டமைப்பது ஒரு வழி. மெட்டு முதலில் பிறக்க, அதற்குச் சொல் பொருத்துவது மற்றொரு வழி. இரண்டாவது வழி கடினமானது. மெட்டு நீளும் இடத்தில் நெடிலும், துள்ளும் இடத்தில் குறிலும் அமைய வேண்டும். பொருளும் கதைக்குப் பொருந்த வேண்டும். விசுவநாதன் ஆர்மோனியத்தில் மெட்டை வாசிக்க, கண்ணதாசன் சொற்களைச் சொல்லிக்கொண்டே போவார். உதவியாளர் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். நீங்கள் கற்கும் குறிலும் நெடிலும் எங்கே பயன்படுகின்றன என்பதை இதனால் அறிக.

அதே நாள், வேறொரு நாடு

இனி, கடல் கடந்து தென் அமெரிக்கா செல்வோம். 1935ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், கொலம்பியா நாட்டின் மெடெயின் நகர விமான நிலையத்தில், புறப்பட்ட விமானம் ஒன்று ஓடுபாதையருகே நின்ற மற்றொன்றின்மீது மோதித் தீப்பற்றியது. அதில் மாண்டோருள் ஒருவர், அர்ஜென்டினாவின் டாங்கோ இசைக்குப் பெரும்புகழ் தேடித் தந்த பாடகர் கார்லோஸ் கார்டெல். அவருடன் மாண்ட மற்றொருவர் அல்பிரெடோ லெ பெரா. இவர் யார் எனில், கார்டெலின் மெட்டுகளுக்குப் பாட்டெழுதிய கவிஞர்! அவ்விருவரும் இணைந்து திரைப்படங்களுக்கும் பாடல்கள் படைத்தவர்கள்.

அன்று சிறுகூடல்பட்டி முத்தையாவுக்கு எட்டு வயது நிறைந்தது. விசுவநாதனுக்கு ஏழு வயது நிறைந்தது. இங்கே ஒரு கவிஞருக்கும் ஓர் இசையமைப்பாளருக்கும் பிறந்த நாள்; அங்கே ஒரு கவிஞருக்கும் ஓர் இசையமைப்பாளருக்கும் இறந்த நாள். ஆகவே, ஜூன் 24 நல்ல நாளா, கெட்ட நாளா? நாள் நல்லதுமன்று, கெட்டதுமன்று. இந்நால்வரும் அரும்பணி ஆற்றியிராவிடில், அத்தேதியை நாம் நினைத்திருக்கவும் மாட்டோம்.

ஒரு மாணவனின் வினா

முன்பொரு முறை, இச்செய்தியை ஆறாம் ஆண்டு வகுப்பில் கூறியபோது ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, கவியரசர் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தாராமே! அப்படியானால் நாங்கள் மட்டும் ஏன் இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும்?" என்றான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை. அவனுடைய அண்ணன் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றிருந்தான். நாம் விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது. அவ்விடையை இங்கு எழுதுகின்றோம்.

கண்ணதாசன் பள்ளியை விட்டார், படிப்பை விடவில்லை. பத்திரிகைகளில் பணிபுரிந்து எழுதிப் பழகினார். கம்பனையும் சித்தர்களையும் ஊன்றிப் படித்தார். அதன் பயனாக, 'குழந்தைக்காக' படப்பாடலுக்கு இந்தியாவின் தேசிய விருதையும், 'சேரமான் காதலி' நாவலுக்கு 1980ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றார். விசுவநாதன் நான்கு வயதில் தந்தையை இழந்தவர். கண்ணனூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். திரைப்பட நிறுவனத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டே பெரியோர் இசையமைப்பதைக் கேட்டுக் கற்றார். தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவரும் அவரே. வறுமை அவர்களைப் பள்ளியிலிருந்து பிரித்தது. நூலிலிருந்தும் ஆசானிடமிருந்தும் பிரிக்க இயலவில்லை.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். பள்ளியை இடையில் விட்டவருள் புகழ்பெற்றவரின் பெயர் மட்டுமே நமக்குத் தெரிகின்றது. துன்புற்ற பல்லாயிரவரின் பெயரை எந்த வானொலியும் அறிவிப்பதில்லை. கரை சேர்ந்த ஒருவரைக் கண்டு, ஆற்றில் ஆழமில்லை என்று இறங்கலாகாது. அவர்களுக்குக் கிட்டாத பள்ளி உங்களுக்குக் கிட்டியுள்ளது. அதனை விட்டுவிடாதீர்கள்.

கண்ணதாசன் 1981ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் சிக்காகோவில் மறைந்தார். விசுவநாதன் 2015ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் சென்னையில் மறைந்தார். மறைந்த நாள்கள் வெவ்வேறு; ஆனால், பாடல்கள் அவர்களைப் பிரிக்கவில்லை.

மாணவர்களே! இன்று வீடு சென்றதும் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் உங்கள் பிறந்த நாளைத் தேடிப் பாருங்கள். அங்கே ஓர் எண் மட்டுமே இருக்கும். அவ்வெண்ணுக்குப் பொருள் தருவது உங்கள் பொறுப்பு. அதற்குத் துணை நிற்பது பெற்றோரின் கடமை. ஆசிரியராகிய எங்கள் கடமையுமாகும்.

வாழ்க நும் கல்வி! வளர்க நம் பள்ளி!