கடலைப் பார்த்த வெந்நீர் விடுதி

ஜப்பானின் மியாகி மாகாணத்தில், மினாமிசன்ரிக்கு என்னும் கடலோர ஊரிலுள்ள கன்யோ விடுதியில் ஓரிரவு தங்கினேன். அறையில் 'தத்தாமி' என்னும் பாய்த்தரை. படுக்கையும் நிலத்திலேதான்.

வெந்நீர் ஊற்றை 'ஒன்சென்' என்கிறார்கள். பெண்களுக்குத் தனி இடம். வெளியே சவர்க்காரமிட்டு நன்கு கழுவிய பின்னரே தொட்டிக்குள் இறங்க வேண்டும், அதுவும் ஆடையின்றி. முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் எவரும் எவரையும் பார்ப்பதில்லை. நமது கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் அள்ளி ஊற்றிக் குளிப்போம். இங்கே கழுத்தளவு நீரில் அமர்ந்திருக்கிறார்கள். எதிரே கடல்.

அந்தக் கடல்தான் 2011 மார்ச் 11 அன்று ஊரை அள்ளிச் சென்றது. பாறைமேல் நின்ற விடுதி தப்பியது. விடுதியை நடத்தும் பெண்மணியை 'ஒக்காமி' என்பர். அவர் வீடிழந்த சுமார் 600 பேருக்கு அறைகளைத் திறந்துவிட்டார். மாதக்கணக்கில் அவர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள்.

மறுநாள் காலை விடுதியின் பேருந்தில் ஊரைச் சுற்றினோம். அழிவை நேரில் கண்ட பணியாளர் ஒருவர் நடந்ததை எடுத்துச் சொன்னார். மறந்துபோனால் அடுத்த முறை பிள்ளைகள் மேட்டுக்கு ஓடமாட்டார்கள் என்பதற்காகவே இதைச் சொல்லி வருகிறார்களாம்.

2004 டிசம்பர் 26 இல் கடலுக்கு உறவுகளைக் கொடுத்தவர்கள் நாம். சகோதரிகளே, நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருப்பதை நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.