செப்புக்காசு கூறும் செய்தி

உரோமர் நம் நாட்டு மிளகையும் முத்தையும் விரும்பிப் பொற்காசும் வெள்ளிக்காசும் தந்து பெற்றனர் என்பதைப் பலரும் அறிவர். அவர்தம் சிறு செப்புக்காசுகளும் கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையில் வைகை மணலிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுட் பல கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. சங்க காலத்துக்குப் பின்னும் உரோம நாட்டுத் தொடர்பு அற்றொழியவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

தேய்ந்து கறுத்த இக்காசுகளை இனங்காண்பது எவ்வாறு? முதலில் முகப்பை நோக்குக. முத்துப் பதித்த தலைப்பட்டம் அணிந்த பேரரசனின் உருவமும், அதனைச் சுற்றி இலத்தீன் எழுத்தில் அவன் பெயரும் காணப்படும். பெயர் தேய்ந்திருப்பின் பின்புறத்தை நோக்குக. கொடிக்கம்பத்தின் இருபுறமும் இரு வீரர் நின்றால், அது 330ஐ அடுத்த ஆண்டுகளில் வெளிவந்ததாகலாம். குதிரையினின்று வீழும் பகைவனை வீரன் ஈட்டியாற் குத்தும் வடிவம், இரண்டாம் கான்சுடாண்டியசு (337–361) காலத்தில் பெருவழக்காய் இருந்தது. மாலையினுள் சிலுவை இருப்பின், பெரும்பாலும் அது 5ஆம் நூற்றாண்டினது. அடிக்கோட்டின் கீழுள்ள சில எழுத்துகள், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா முதலிய நகரங்களுள் எந்நகரத்து அக்கசாலையில் காசு அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும்.

மாணவர்களே! செப்புக்குடத்தைப் புளியிட்டுத் துலக்குதல் நன்று. பழங்காசைத் துலக்குதல் தீது. புளிப்பு, களிம்போடு எழுத்தையும் அரித்துவிடும். காசு கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதனை அவ்வாறே ஆசிரியரிடம் காட்டுங்கள். எழுத்து அழிந்தால் சான்றும் அழியும்.