முதுகுப் பக்கம் பாருங்க, தம்பி!

2012-ல் கலிபோர்னியாவில் ஒரு பழைய கம்பளி ஏலத்துக்கு வந்தது. நவஹோ என்ற செவ்விந்தியப் பெண்கள் 1800-களில் கையால் நெய்தது. வெள்ளை, பழுப்பு, அவுரி நீலத்தில் வெறும் பட்டைக்கோடு. போன விலை 18 லட்சம் டாலர்! அன்றைய கணக்கில் சுமார் பத்து கோடி ரூபாய்.

இதைப் படித்ததிலிருந்து வீட்டுப் பரணில் இருக்கும் தாத்தாவின் கம்பளியை நான் மரியாதையாகப் பார்க்கிறேன் என்பது வேறு விஷயம்.

நம்ம ஊட்டியிலும் அப்படி ஒரு போர்வை உண்டு ஸார். தோடர்களின் பூத்துக்குளி. ஆபீஸ் வேலையாக ஊட்டி போனபோது, "தோடா ஷால் இல்லாம வராதீங்க" என்று இல்லத்தரசி ஆர்டர். கடைவீதியில் 600 சொன்னதை 350-க்கு மடக்கினேன். பி.காம். படித்தவனாச்சே!

அந்தப் பெருமையோடு பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே உள்ள தோடர் மந்துக்கு ஏறினேன். வெயிலில் உட்கார்ந்து ஒரு அம்மாள் தைத்துக்கொண்டிருந்தார். என் ஷாலை நீட்டினேன்.

திருப்பிப் பார்த்தார். சிரித்தார். "மெஷின் போட்டது தம்பி. எங்களோடதுன்னா முதுகுப் பக்கம் பாருங்க."

தன்னுடையதைக் காட்டினார். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி. சிவப்பு, கறுப்புக் கம்பளி நூல். சட்டம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசி ஏற்றுகிறார்கள். மறுபக்கத்தில் நூல் லேசாகப் புடைத்து நிற்கும். அந்தச் சொரசொரப்புப் பக்கம்தான் அவர்களுக்கு மேல்பக்கம்!

"ஒரு இழை தப்பினா?"

"பிரிச்சுட்டுத் திரும்பப் போடணும்."

விசேஷத்துக்கும் அதைத்தான் போர்த்துகிறார்கள். இறந்தவர் உடலையும் அதில்தான் சுற்றி அனுப்புகிறார்கள். 1901-ல் இங்கிலாந்திலிருந்து வந்து இவர்களோடு தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ், 1906-ல் ஒரு தடிமனான புத்தகமே போட்டார். 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர். எங்கள் தெருவில் தீபாவளிக்கு அதைவிடக் கூட்டம்! 2013-ல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டப்படி அந்தப் பெயர் அவர்களுடையது. கடைவீதி மெஷினுக்கு அது யார் சொல்வது?

"இது எவ்வளவும்மா?"

"நாலாயிரத்து ஐந்நூறு."

பழக்கதோஷம். "ரெண்டாயிரத்துக்கு முடிங்களேன்..."

அவர் கோபப்படவில்லை. "ஒண்ணரை மாசம் தம்பி" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. 45 நாள். 4,500 ரூபாய். நாளைக்கு நூறு. துணியும் நூலும் கழித்தால் அதுவும் தேறாது. எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு நாள் என் டீ, வடை, மதியச் சாப்பாடு பில் அதைவிட அதிகம்! நான் கேட்ட இரண்டாயிரத்துக்கு இன்னொரு வகுத்தல் போட மனசு வரவில்லை. பேசாமல் நாலாயிரத்து ஐந்நூறை எண்ணி வைத்தேன்.

போன வாரம் ஒரு கல்யாணம். இல்லத்தரசி சொரசொரப்பை வெளியே காட்டிப் போர்த்தி வந்தாள். பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்து காதில் சொன்னார்: "ஷாலை உள்பக்கமா போட்டுண்டு வந்துட்டியேடி!"

"அதான் மாமி ஒரிஜினல்!"

350 ரூபாய் ஷால்? என் ஸ்கூட்டர் இப்போது பளபளவென்று இருக்கிறது.