ஒருநாள் லீவு போதும்... ஓசூர் - கிருஷ்ணகிரியைச் சுத்திப் பார்க்கலாம் வாங்க!

பாலி, மொரீஷியஸ் போன்ற எரிமலைத் தீவுகளுக்குப் போறவங்க அங்கே என்ன செய்றாங்க? மலை ஏறுறாங்க. பழைய பாறைகளைப் பார்த்து ஆச்சர்யப்படுறாங்க. ஃப்ரெஷ்ஷா பிடிச்ச மீனைச் சாப்பிடுறாங்க, பழம் வாங்குறாங்க, படகுல போறாங்க. கடலை மட்டும் விட்டுட்டா, இது அத்தனையும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அதை ஒட்டியும் இருக்கு. எரிமலையோட உறவுக்காரப் பாறைகூட இருக்கு!

ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் பார்க்குறவங்களுக்கு ஊர்னா கம்பெனி பஸ், வாடகை வீடு, வார லீவுல சொந்த ஊர். இங்கேயே பல வருஷம் இருந்தும், பக்கத்துல இருக்கிற ராயக்கோட்டை மலையை பஸ் ஜன்னல் வழியா மட்டுமே பார்த்தவங்க நிறைய பேர். அவங்களுக்கும், பெங்களூரில் இருந்து 40 கிலோமீட்டர் வந்து போக நினைக்கிறவங்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

காலையில் மலைக்கோயில்

ஓசூர்ல முதல்ல ஏற வேண்டியது சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில். படி ஏற முடியாதவங்க வண்டியிலேயே மேலே போயிடலாம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போனா, ஊர் மொத்தமும் கண்ணுக்குக் கீழே தெரியும். ஒரு பக்கம் தொழிற்சாலைக் கூரைகள், இன்னொரு பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள். கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துல ஊர் இருக்கிறதாலதான் இங்கே ரோஜா செழிக்குது. காதலர் தினத்துக்கு வெளிநாடு போற ரோஜாக்கள்ல ஓசூர் ரோஜாவும் உண்டு.

கோயில்ல இருந்து இறங்கினதும், அரை மணி நேரத்துக்குள்ள தொரப்பள்ளி போயிடலாம். 1878 டிசம்பர் 10-ல் ராஜாஜி பிறந்த ஊர். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலா இருந்தவர் பிறந்த அந்த ஓட்டு வீட்டை அரசு நினைவு இல்லமா வெச்சிருக்கு. பிள்ளைங்களோட போறவங்க தவறவிடாதீங்க.

கோட்டையும் தக்காளியும்

ஓசூர் - தர்மபுரி சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனா ராயக்கோட்டை. இந்தப் பகுதிக்குப் பழைய பேர் பாராமகால். மைசூர்ப் படைக்கும் கிழக்கிந்திய கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல் இந்தக் கோட்டை கம்பெனி கைக்குப் போச்சு. அடுத்த வருஷம் திப்பு சுல்தானோட போட்ட ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல பாராமகால் முழுசும் ஆங்கிலேயருக்கு வந்தது. விவசாயிகிட்ட நேரடியா வரி வசூலிக்கும் ரயத்துவாரி முறையை அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் முயற்சி செய்து பார்த்தது இந்த மண்ணுலதான்.

கோட்டைக்கு ஏற நல்ல பிடிமானமுள்ள ஷூ அவசியம். தண்ணியைக் கீழேயே வாங்கிக்கோங்க, மேலே கடை கிடையாது. இறங்கி வந்தா தக்காளி மண்டி. கூடை கூடையா லாரி ஏறுறதைப் பார்த்தா, நம்ம வீட்டு ரசத்துக்குப் பின்னாடி எவ்வளவு வேலை இருக்குன்னு புரியும்.

நாலாயிரம் வருஷத்து இரும்பு

மாவட்டத்துல இருக்கிற மயிலாடும்பாறையில் கிடைச்ச இரும்புக்கு வயசு கி.மு. 2172-ன்னு 2022-ல் தமிழக அரசு அறிவிச்சது. இன்னைக்கு வண்டியும் இன்ஜினும் செய்ற மாவட்டத்துல, நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இரும்பு புழங்கியிருக்கு!

அதே மாதிரி மல்லசந்திரம் குன்றுல கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகை மூடின கல்திட்டைகள் இருக்கு. பெருங்கற்கால மக்கள் இறந்தவங்களுக்காக எழுப்பினவை. தயவுசெய்து மேலே ஏறி செல்ஃபி எடுக்காதீங்க. ஒரு பலகை சரிஞ்சா திரும்ப நிறுத்த ஆள் கிடையாது. கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுக்கிற மாவட்டம் இது. மிச்சம் இருக்கிற ஒவ்வொரு பழைய கல்லும் முக்கியம்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துல நடுகற்களைப் பார்க்கலாம். மாடு மீட்கப் போய் உயிர்விட்ட சாதாரண ஆட்களுக்கும் கல் நட்டு வெச்ச ஊர் இது.

சாப்பாட்டு நேரம்

மதியத்துக்கு கே.ஆர்.பி. டேம். தென்பெண்ணை ஆத்துக்குக் குறுக்கே 1950-களில் கட்டின அணை. மீன் வறுவல் கடைகள்தான் இங்கே ஸ்பெஷல். மசாலா தடவின மீனை உங்க கண்ணெதிரே பொரிச்சுத் தருவாங்க. விலையை முதல்லயே கேட்டுக்கோங்க.

இந்த மண்ணோட உண்மையான ருசி வேணும்னா கேழ்வரகுக் களி. கீரைக் கடைசலோ, கறிக்குழம்போ, எதுவா இருந்தாலும் களியைக் கிள்ளி, குழம்புல தோச்சு, மெல்லாம விழுங்கணும். அவரைக்காய் சீசன்ல, அதாவது மார்கழி, தை மாசத்துல வந்தா பிதுக்கம்பருப்புக் குழம்பைக் கேட்டுச் சாப்பிடுங்க. எல்லை தாண்டி வந்த தொன்னை பிரியாணி ஓசூர்ல எல்லா பக்கமும் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுபோக காவேரிப்பட்டணம் நிப்பட்டு.

மே முதல் ஜூலை வரைக்கும் வந்தா மாம்பழம். அல்போன்சா, மல்கோவா, செந்தூரா, நீலம்னு வரிசையா வரும். கிளிமூக்கு மாதிரி இருக்கிற பெங்களூரா பெரும்பாலும் கூழ் தொழிற்சாலைக்குப் போகுது. அந்தத் தொழிற்சாலைகள் கொடுக்கிற விலைதான் விவசாயியோட வருஷத்தைத் தீர்மானிக்குது. அதனால ரோட்டோரம் தோட்டக்காரர் நேரடியா விக்கிறப்போ ரொம்ப பேரம் பேசாதீங்க. துணி வாங்கணும்னா பக்கத்துல பர்கூர் ஜவுளிக் கடைகள் இருக்கு.

ரெண்டாவது நாள் இருந்தா... ஒகேனக்கல்

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியா காட்டுச் சாலையில் ஒகேனக்கல் போகலாம். அங்கே பரிசல், எண்ணெய் மசாஜ், குளியல், மறுபடியும் மீன். காவிரியில நீர்வரத்து கூடினா பரிசலை நிறுத்திடுவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி செய்தியைப் பார்த்துக்கோங்க. லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க.

அந்த எரிமலை உறவு இங்கேதான் வருது. ஒகேனக்கல் வட்டாரத்திலும், ஊத்தங்கரை பக்கம் சாமல்பட்டியிலும் கார்பனடைட்னு ஓர் அபூர்வப் பாறை இருக்கு. பூமியோட ஆழத்துல இருந்து உருகி வந்து இறுகின பாறை. ஒகேனக்கல் பாறைக்கு வயசு சுமார் 240 கோடி வருஷம்னு கணக்கிட்டிருக்காங்க. இன்னைக்கும் இந்த வகைக் குழம்பைக் கக்குற ஒரே எரிமலை, தான்சானியாவுல இருக்கிற ஓல் டொய்ன்யோ லெங்காய்.

யானைக்கு வழி விடுங்க

மழைக்காலம் முடியுற நேரத்துல, பன்னேர்கட்டா காட்டுல இருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி பக்கம் வரும். அதுங்க வர்ற நேரமும் கேழ்வரகு விளையுற நேரமும் ஒண்ணு. ராத்திரி பூரா பரண்ல காவல் இருக்கிற விவசாயிகளுக்கு இது உயிர்ப் பிரச்னை. அதனால காட்டுச் சாலையை வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிடுங்க. யானையைப் பார்த்தா தூரத்துலயே வண்டியை நிறுத்துங்க. இறங்காதீங்க, ஹாரன் அடிக்காதீங்க, வீடியோ எடுக்கப் பக்கத்துல போகாதீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* ஓசூர் - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி உண்டு. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. ஓசூர், ராயக்கோட்டைக்கு உண்டு.

* அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மத்த நாள்ல திட்டம் போடுங்க.

* கோட்டைக்கும் குன்றுக்கும் தனியா போகாதீங்க. மாலை 4 மணிக்குள்ள இறங்கிடுங்க.

* தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் பேசுற ஊர். எதுல வழி கேட்டாலும் பதில் கிடைக்கும்.

திரும்பி வரும்போது ஓசூர் பக்கத்துல கெலவரப்பள்ளி அணையை எட்டிப் பாருங்க. சில நாள்ல தண்ணி மேல வெள்ளை நுரை மலை மாதிரி மிதக்கும். அழகா இருக்கேன்னு கையில அள்ளிடாதீங்க. பெங்களூரு கழிவுநீர் தென்பெண்ணையில கலந்து வர்றதால உண்டாகிற நுரை அது. இதே ஆறுதான் கீழே கே.ஆர்.பி. அணைக்கும், அங்கிருந்து வயல்களுக்கும் போகுது. மதியம் நீங்க மீன் சாப்பிட்ட அணையோட ஆறு இதுதான்னு பிள்ளைங்களுக்கும் சொல்லிக் காட்டுங்க. ஆத்தை யார் சுத்தம் செய்யணும்னு அதுங்க கேட்கிற கேள்விக்கு நம்ம எல்லாரும்தான் பதில் தேடணும்.