வரப்புக்குச் சரி, வாழ்க்கைக்கு அல்ல

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது இண்டூர். சுற்றிலும் மானாவாரிக் காடுகள். இந்தப் பக்கத்து ஊர்களில் சண்டை பெரும்பாலும் மண்ணாலும் தண்ணீராலும்தான் வரும்: வரப்பை வெட்டிவிட்டார், வண்டித்தடத்தை அடைத்துவிட்டார், கூட்டுக்கிணற்றில் முறை தப்பி மோட்டார் போட்டுவிட்டார். காவல் நிலையம் போகும் முன் இவை ஊர்க்கவுண்டரிடம், பெரியவர்களிடம் போவது பழைய வழக்கம்.

அங்கே பேச்சு காட்டிலேயே நடக்கும். கல் எங்கே நட்டிருந்தது என்று தெரிந்த கிழவரைக் கூட்டிவருவார்கள். வார்த்தை பொருந்தாவிட்டால் கோயில் முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம். பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சுகிறவர் இன்றும் உண்டு. முடிவில் தோற்றவரும் தலைகுனியாமல் வீடு திரும்ப ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வைப்பார்கள். நாளை ஒரே கிணற்றில் நீர் இறைக்க வேண்டியவர்கள் என்பதால் இதுதான் முக்கியம். உரிமையியல் வழக்கில் ஆண்டுக்கணக்கில் அலைந்து வென்றவருக்குக்கூட இந்தச் சமாதானம் கிடைப்பதில்லை.

ஆனால் பேசுகிற இருவரும் சமமாக உட்கார முடிகிற இடத்தில் மட்டுமே இது நியாயம். ஒருவர் திண்ணையிலும் மற்றவர் கைகட்டித் தெருவிலும் நிற்கும் ஊரில், பெண்ணுக்கு வாய் இல்லாத கூட்டத்தில், அது வெறும் அதிகாரம். இதே மாவட்டத்தில் சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைத் தொடர்ந்து 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. ஒரு பெண் யாரை மணப்பது என்பது எந்த ஊர்க்கூட்டத்தின் வழக்கும் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டே, ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று சொல்லியிருந்தது. ஊரை விட்டுத் தள்ளிவைப்பதும் தண்டம் பிடுங்குவதும் அந்த வகையே.

பழைய முறையின் நல்ல பாதியைச் சட்டமும் எடுத்துக்கொண்டிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் தீர்வு. கட்டணம் கிடையாது. அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் ஒரு பகுதியின் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளுக்கு மூவர் குழு கொண்ட சமூக மத்தியஸ்தத்தை வகுத்திருக்கிறது. ஆனால் அங்கே எட்டும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்புபோல நிறைவேற்ற முடியாது. அந்தக் குழுக்களில் பெண்களும் காலனிக்காரர்களும் சரிசமமாக உட்கார வேண்டும்.

வரப்புத் தகராறு என்றால் பெரியவர்களோடு காட்டில் நின்று பேசிப் பாருங்கள். மிரட்டலோ, தண்டமோ, திருமண விவகாரமோ வந்தால் அந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.